பூஜ்யம் எடுத்தவர்

மனிதகுல வரலாற்றில் நெருப்பு, சக்கரம், தையல் ஊசி ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியான நான்காவது மாபெரும் நிகழ்வு, வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு, ராகுகாலம் கழிந்த கையோடு, பாளையங்கோட்டை மானுட நம்பிக்கை அளவீட்டு மையத்தின் கருத்தரங்கக் கூடத்தில் நடைபெறும். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி அன்று முதல் பழங்கேள்வி ஆகிவிடும். இருக்கிறார் என்று நீங்கள் எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்பது துல்லியமாக அளந்து சொல்லப்படும். அனைவரும் வருக. கைக்குழந்தைகளைத் தவிர்க்கவும். தேநீர் உண்டு.

இந்த அறிவிப்பை எழுதியவர் மையத்தின் இயக்குநர் முனைவர் சேஷாத்ரிநாதன். தையல் ஊசி மட்டும் எட்வின் சற்குணத்தின் உபயம். “நெருப்பு, சக்கரம்னு ரெண்டோட நின்னா எடுப்பா இல்லை எட்வின், மூணாவதா ஒண்ணு சொல்லுங்க” என்று இயக்குநர் கேட்ட நேரத்தில் எட்வினுக்குச் சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது.

எட்வின் சற்குணம் தத்துவப் பேராசிரியர். கடவுள் இருப்பதற்கான வாதங்களை இருபத்தேழு ஆண்டுகளாகக் கல்லூரியில் நடத்திவருபவர். முற்பகலில் கடவுள் இருக்கிறார் என்று நிரூபிப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே கரும்பலகையில் அந்த நிரூபணத்தில் உள்ள ஓட்டைகளை எண்ணிக் காட்டுவார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சம்பளம். “சார், நீங்க எந்தப் பக்கம்?” என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்பதுண்டு. “அது பாடத்திட்டத்தில் இல்லை” என்பார் எட்வின். வகுப்பு சிரிக்கும். வீட்டுக்குப் போகிற வழியில் அந்தப் பதில் அவருக்கே கொஞ்சம் உறுத்தும்.

ஆகவே மையம் அவரை ஆலோசகராக அழைத்தபோது உடனே சம்மதித்தார். இருபத்தேழு வருடச் சந்தேகத்துக்கு ஒரு தராசு கிடைக்கிறதென்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

திங்கட்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. மேடையில் பட்டுத்துணி விலக்கப்பட்டது. உள்ளே இருந்தது நம்பிக்கைமானி. வெள்ளி நிறத்தில் தலைக்கு மாட்டும் குடுவை, மேலே சின்னதாக ஒரு கைப்பிடி. முன்வரிசையில் இருந்த அம்மாள் ஒருத்தர், “அட, இட்லிக் கொப்பரை!” என்றார். அந்த நொடியிலிருந்து அதன் பெயர் இட்லிக் கொப்பரைதான். பதினெட்டு எழுத்தாளர்களும் இரண்டு அறிஞர் குழுக்களும் சேர்ந்து தேர்ந்தெடுத்த பெயர் அலமாரிக்குப் போய்விட்டது.

“தத்துவத்தை விடுங்க, இது வெப்பமானி மாதிரி” என்று இயக்குநர் விளக்கினார். “உறையற தண்ணியை ஒரு முனையா வெச்சோம், கொதிக்கற தண்ணியை இன்னொரு முனையா வெச்சோம், நடுவுல கோடு போட்டோம். வெப்பமானி ரெடி. அதே போல, துளிகூட நம்பிக்கை இல்லாத ஒருத்தரோட மூளைப் பதிவு, துளிகூடச் சந்தேகமே இல்லாத ஒருத்தரோட மூளைப் பதிவு. ஒண்ணு பூஜ்யம். ஒண்ணு நூறு. நீங்கள்லாம் நடுவுல.”

“அந்த ரெண்டு பேரு யாரு?” என்றார் ஒரு நிருபர்.

“பரம ரகசியம். ஆய்வு அறம்.”

மூன்றாம் வரிசையில் கறுப்புச் சட்டை ஒன்று எழுந்தது. எரிதழல் ஏகாம்பரம். நாற்பது வருடமாக நெல்லைச் சீமையின் தெருமுனைகளில் கடவுளை வறுத்தெடுத்துவரும் பகுத்தறிவுப் பேச்சாளர். அப்பா வைத்த பெயரில் சிவபெருமான் இருந்ததால், அந்தக் குறையைச் சரிக்கட்ட முன்னால் எரிதழலைச் சேர்த்துக்கொண்டவர்.

“இயக்குநர் அவர்களே, பூஜ்யம்னு எதுக்கு வடசொல்லு? சுழியம்னு நல்ல தமிழ்ல சொல்லப்படாதா?”

“மக்களுக்குப் புரியணும்ல அண்ணாச்சி.”

“எனக்குப் புரியுது. மக்களும் என்னை மாதிரித்தாம்.”

கூடம் சிரித்தது. இயக்குநரும் பெருந்தன்மையாகச் சிரித்து, பூஜ்யத்தை வைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கு என்ன விலை என்று அப்போது யாருக்கும் தெரியாது.

முதல் ஆளாக எட்வினின் வழுக்கைத் தலையில் கொப்பரை மாட்டப்பட்டது. திரையில் எண் வந்தது: 50. வாதங்களிலேயே உறுதியானது என்று அவர் நினைத்திருந்த ஒன்றை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு மறுபடி அளந்தார்கள். 50. அதற்கான மறுப்பை ஒலிக்கவிட்டார்கள். 50. “கருவி சூடேறலை” என்று இயக்குநர் காதோரம் முணுமுணுத்தார். எட்வினுக்கு உள்ளூரப் பெருமை. ஒரு தத்துவவாதிக்கு இதைவிடப் பொருத்தமான எண் எது? துலாக்கோல் முள் மாதிரி நடுவில் நிற்பவன் அல்லவா!

அடுத்து ஏகாம்பரம் தாமாகவே மேடை ஏறினார். “பாருங்கய்யா, உங்க கருவிக்கு ஒரு நல்ல சுழியத்தைக் காட்டுதேன்” என்று உட்கார்ந்தார்.

91.

கூடத்தில் ஒரு மூச்சு கேட்கவில்லை. பிறகு எல்லா மூச்சும் ஒரே நேரத்தில் கேட்டது.

அந்த வாரமே கொப்பரைக்குள் தலையை விட்டவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். கோவில் குருக்களுக்கு 8. தேவாலய உபதேசியாருக்கு 12. பள்ளிவாசல் மோதினாருக்கு 6. கடன்காரனைக் கண்டால் மட்டும் கடவுளைக் கூப்பிடுகிற மளிகைக்கடைக்காரருக்கு 64. ஜாதகத்தைக் கிழித்துப்போட்டுவிட்டுக் காதல் கல்யாணம் செய்துகொண்ட பொறியாளருக்கு 88. எட்வினின் வாதத்தை ஒலிக்கவிட்டு மறுபடி அளந்தபோது எல்லாருடைய எண்ணும் கொஞ்சம் ஏறியது, ஏகாம்பரத்துக்குக்கூட 94.

சாதாரண மனிதன் என்றால் இங்கே கருவியைச் சந்தேகித்திருப்பான். சேஷாத்ரிநாதன் சாதாரண மனிதர் அல்ல, முனைவர். பத்தே நாளில் ‘சேஷாத்ரிநாதன் தலைகீழ் விதி’ வெளியானது. பக்தன் என்பவன் உள்ளே இருக்கும் வெற்றிடத்தை மணியோசையால் நிரப்புகிறவன். நாத்திகனோ கடவுளை ஒரு நாள்கூட மறக்காதவன். வெளியே எது கூடுதலோ உள்ளே அது குறைவு. படித்தவர்கள் எல்லாருக்கும் இது அபாரமாகப் பிடித்துப்போயிற்று. நெற்றி நிறைய விபூதி பூசிய பக்கத்துவீட்டுக்காரரைப் பற்றி அவர்கள் ரொம்ப நாளாக நினைத்திருந்ததை இப்போது ஒரு கருவி சொல்கிறது, வேறென்ன வேண்டும்? எட்வினும் பாராட்டுரை எழுதினார், இரண்டரைப் பக்கம்.

ஏகாம்பரத்தை அவருடைய பகுத்தறிவு மன்றம் விசாரணைக்கு அழைத்தது. “வே, நான் நம்பலவே! எம் மனசு எனக்குத் தெரியாதா?” என்று கத்தினாராம். “குருக்களும் அதையேதான் அண்ணாச்சி சொல்லுதாரு” என்றார்களாம். நாற்பது வருடம் பேசிய வாய், தெருமுனைத் தேநீர்க்கடையில் சும்மா உட்கார்ந்திருந்தது.

எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, பியூலா கொப்பரைக்குள் தலையை விடுகிற வரையில்.

பியூலா எட்வினின் மனைவி. அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைப் பிரிவின் தலைமைச் செவிலியர். கணவர் கடவுளை நிரூபித்தும் மறுத்தும் கொண்டிருந்த இருபத்தேழு ஆண்டுகளும், அவள் அந்தக் கடவுளோடு பேசிக்கொண்டிருந்தாள். ஜெபம் என்று முழங்கால் போட்டு ஒரு பத்து நிமிடம் உண்டு, அது கணக்கில் சேராது. மிச்ச நேரப் பேச்சுதான் பேச்சு. மீன் கழுவும்போது, “ஆண்டவரே, இந்த நெத்திலிய எந்தப் பாவி இப்படி மண்ணோட கட்டிக் குடுத்தான், கேட்டீரா?” என்பாள். பேருந்து தாமதமானால் அவரிடம்தான் புகார். அறுவைக்குப் போகும் நோயாளி பயந்தால், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், கையைப் பிடித்து அவருக்காக இரண்டு வார்த்தை. வார்டில் அதற்கு ‘சிஸ்டர் மருந்து’ என்று பெயர்.

மருத்துவமனை ஊழியர்களை மொத்தமாக அளந்த அன்று பியூலாவுக்கு வந்த எண் 7.

வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஏங்க, ஏழுங்கான்.”

எட்வின் ஆறுதல் சொல்லியிருக்கலாம். அவர் விளக்கம் சொன்னார். அதுதான் அவருக்குத் தெரிந்த தொழில். “பியூலா, பழக்கம் வேற, நம்பிக்கை வேற. நீ பேசுதது ஒரு பழக்கம். சின்ன வயசுல உங்கம்மா பேசுனத கேட்டு ஒட்டிக்கிட்டது. அடியில அஸ்திவாரம் இருக்கான்னு நீ தோண்டிப் பாத்ததே இல்லைல்லா? தப்பு ஒண்ணுமில்ல. உலகத்துல பாதிப் பேரு அப்படித்தாம்.”

“அப்போ இத்தன வருசமும் நான் யார்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?”

“உங்கிட்டயேதான்.”

சொன்ன விதம் மிக மென்மை. சொன்ன பொருள் மிகத் தெளிவு. மறுநாள் காலை நெத்திலி கழுவும் ஓசை மட்டும் கேட்டது.

பேச்சு நின்றதும் வீடு வாடகைக்கு ஆள் வராத வீடு மாதிரி ஆகிவிட்டது. எட்வின் இதைக் கவனித்தார். கவனித்து, கவலைப்பட்டு, அடுத்த கணமே மகிழ்ந்தார். ஏனென்றால் இருபத்தேழு ஆண்டுகளில் முதல்முறையாக, தத்துவத்தால் தீர்க்கக்கூடிய பிரச்சினை ஒன்று அவர் வீட்டிலேயே வந்திருந்தது. அஸ்திவாரம்தானே இல்லை? போட்டுவிடலாம். அதற்குரிய கல்லெல்லாம் அவரிடம் இருக்கிறது.

ஆறு சனிக்கிழமை. ஆறு வாதங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மையத்தில் பியூலாவை உட்கார்த்தி, முதலில் அளப்பது, பிறகு எட்வின் ஒரு வாதத்தை விளக்குவது, பிறகு மறுபடி அளப்பது.

முதல் சனிக்கிழமை ரயில். “ஒரு பெட்டிய இன்னொரு பெட்டி இழுக்கு. அத அடுத்த பெட்டி இழுக்கு. பெட்டியாவே முடிவில்லாம போனா ரயிலு நகருமா? எங்கயோ ஒரு எஞ்சின் வேணும்லா? அதான் கடவுள்.” பியூலா தலையாட்டினாள். 7 என்பது 11 ஆயிற்று. எட்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தேழு ஆண்டு வகுப்பில் ஒரு மாணவரிடமும் அவர் கண்டிராத முன்னேற்றம்!

இரண்டாம் சனிக்கிழமை, சொட்டுச்சொட்டாய் மருந்து ஏற்றும் கருவி தானாக உருவாகுமா என்ற வாதம். 15. மூன்றாம் சனிக்கிழமை பியூலா முந்திக்கொண்டாள்.

“ஏங்க, அந்த ரயிலு. எஞ்சின யாரு செஞ்சா?”

“அவரு செய்யப்படாதவரு.”

“அப்போ செய்யப்படாம ஒண்ணு இருக்கலாம்ங்கிய. அது ரயிலாவே இருந்தா என்ன?”

எட்வின் பூரித்துப்போனார். என்ன அருமையான கேள்வி! எத்தனை பெரிய மேதைகள் கேட்ட கேள்வி! மனைவியின் சிந்தனை மலர்கிறது என்று குறித்துக்கொண்டார். எண்ணும் ஒத்துக்கொண்டது: 18.

நான்காவது, எட்வினுக்கே பிடித்தமான வாதம். அதை அவர் திருநெல்வேலிக்காரிக்கு ஏற்றபடி தயாரித்திருந்தார். “நினைக்க முடிஞ்சதுலயே ஒசந்த அல்வான்னு ஒண்ண நினைச்சுக்கோ. நெய்யி, பதம், சூடு, ஒரு கொறையும் இல்ல. அது நெனப்புல மட்டும் இருந்தா ஒசந்ததா, நெசத்துலயும் இருந்தா ஒசந்ததா?”

“நெசத்துல இருந்தாத்தாம்.”

“அப்போ ஆக ஒசந்தது நெசத்துல இருந்தாகணும்லா? கடவுள்ங்கது நினைக்க முடிஞ்சதுலயே ஒசந்தது. அதனால...”

“அப்போ அந்த அல்வாவ ஒரு கால் கிலோ வாங்கிட்டு வாங்க.”

“பியூலா, அல்வா உதாரணம்.”

“கட்டுன பொண்டாட்டிக்கே அல்வா குடுக்கியளா?” என்றாள் அவள். பல நாள் கழித்து அவள் சொன்ன முதல் நகைச்சுவை அது. எட்வின் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்டார். கொப்பரை 22 என்றது.

ஐந்தாவதில் 27. ஆறாவதில் 31. இயக்குநர் முதுகில் தட்டினார். “எட்வின், ஆறு வாதத்துல இருபத்து நாலு புள்ளி! நீங்க ஓய்வு பெறதுக்கு முந்தி உங்க பேர்ல ஒரு விதி போட்டுடலாம்.”

ஆனால் வீட்டில் நெத்திலி இன்னும் மௌனமாகவே கழுவப்பட்டது. முப்பத்தொன்று வாங்கியவள், ஏழு வாங்குவதற்கு முன்பு பேசியதில் கால்வாசிகூடப் பேசவில்லை. முழங்கால் போடும் பத்து நிமிடம் நான்காகி, பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதாகியிருந்தது. எட்வின் இதை ‘இடைநிலைக் கட்டம்’ என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தார். எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார்.

ஒரு ஞாயிறு காலை, ஆலயத்துக்குக் கிளம்புவதற்கு முன், பியூலா கேட்டாள்:

“ஏங்க, பூஜ்யம் எடுத்தது யாரு?”

“என்ன?”

“நேத்து வார்டுல ஒரு லாரி டிரைவரு. சுடலைமுத்துன்னு பேரு. கால் ஆபரேசன். ஸ்ட்ரெச்சர்ல ஏத்தும்போது கையப் புடிச்சிக்கிட்டான். சிஸ்டர், ரெண்டு வார்த்த சொல்லுங்கன்னான். எனக்கு முன்ன மாதிரி வரலைய்யா, என்ன அளந்து பாத்துட்டாங்க, ஏழு மார்க்குதான் எடுத்தேம்னேன். அவன் சொல்லுதான், பரவால்ல சிஸ்டர், எனக்கு அதுகூடக் கெடையாது, ஏழுல ஒண்ணு எனக்குக் குடுங்கன்னு.”

“நீ என்ன செஞ்ச?”

“வாயத் தொறந்தேன். ரயிலு எஞ்சின்தான் ஞாவத்துக்கு வந்துச்சு.” அவள் சேலை மடிப்பைச் சரிசெய்தாள். “அப்படியே உள்ள தள்ளிட்டுப் போயிட்டாங்க. நல்லாத்தாம் இருக்கான், கவலைப்படாதிய. ஆனா ராத்திரி பூரா ஒண்ணுதான் மண்டைக்குள்ள. ஏழு எடுத்த எனக்கே இப்படிக் கெடந்து அடிக்கே, பூஜ்யம் எடுத்த மனுசனுக்கு எப்படி இருக்கும்? பாவம்லா? பேரு தெரிஞ்சா அவருக்காகவாவது வேண்டிப் பாப்பேன்.”

“கேட்டுச் சொல்லுதேன்” என்றார் எட்வின்.

மையத்தின் பதிவறையைப் பார்த்துக்கொண்டவர் கோமதிநாயகம். முப்பத்து மூன்று வருடம் பல துறைகளில் கோப்புக் கட்டி, கடைசியாக இங்கே வந்து சேர்ந்த எழுத்தர். கோப்பின் முதுகைத் தொட்டே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்பவர் என்று பெயர். திங்கட்கிழமை காலை எட்வின் போனபோது வடை தின்றுகொண்டிருந்தார்.

“வாங்க சார்வாள். வடை?”

“வேண்டாம். கோமதிநாயகம், ஒரு சேதி. பூஜ்யம் யாருன்னு தெரியணும்.”

“அது ரகசியம்லா சார்?”

“உங்களுக்குத் தெரியும்லா?”

“ரகசியம்ங்கதாலதான் எனக்குத் தெரியும்” என்றார் கோமதிநாயகம் நியாயமாக. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “உங்ககிட்ட சொல்லதுக்கென்ன. பூஜ்யம் நம்ம ஊரு மடத்துச் சாமியாருதான். பூஜ்யஸ்ரீ சந்தேகநாசானந்தர்.”

எட்வின் சிரித்தார். கோமதிநாயகம் சிரிக்கவில்லை.

“பூஜ்யஸ்ரீயா?”

“பின்ன? இயக்குநர் ஐயா மூளைப் பதிவு இருந்த ரெண்டு பெட்டிய மேசைல வச்சாவ. பெட்டி மேல ஆள் பேரு மட்டும் இருந்துச்சு. ஒண்ணுல நூறுன்னு ஒட்டு, ஒண்ணுல பூஜ்யம்னு ஒட்டு, ஒட்டிட்டு ஆள் பேரக் கிழிச்சிருன்னாவ. எது எதுன்னு கேட்டேன். ரகசியம், நீயே புரிஞ்சுக்கோன்னாவ. நான் புரிஞ்சுக்காமலா? ஒருத்தரு பூஜ்யஸ்ரீ சுவாமிகள். அவருக்குப் பூஜ்யம். இன்னொருத்தரு மதுரைப் பக்கத்து ஆளு, கடவுள் கெடையாதுன்னு சொல்லுதவராம், ரிட்டயர்ட் கணக்கு வாத்தியாரு. கணக்குன்னா நூறு. இதுல என்ன சார் சந்தேகம்?”

பதிவறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எட்வின் மெதுவாக ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். பியூலா பரிதாபப்பட்டு வேண்டிக்கொள்ள நினைத்த மனிதர், ஊரிலேயே சந்தேகம் என்பதை அறியாத ஒரே மனிதர்.

வடை சுற்றியிருந்த தாளை எடுத்து, எண்ணெய் படாத மூலையில் ஒவ்வொரு எண்ணையும் நூறிலிருந்து கழித்துப் பார்த்தார். தொண்ணூற்றொன்று என்றால் ஒன்பது. எட்டு என்றால் தொண்ணூற்றிரண்டு. ஏழு என்றால் தொண்ணூற்று மூன்று.

தொண்ணூற்று மூன்று!

அந்த மகிழ்ச்சி சுமார் நான்கு நொடி நீடித்தது. பிறகு பேனா தானாக அடுத்த வரியை எழுதியது. பதினொன்று என்றால் எண்பத்தொன்பது. பதினைந்து என்றால் எண்பத்தைந்து. பதினெட்டு, இருபத்திரண்டு, இருபத்தேழு. முப்பத்தொன்று என்றால் அறுபத்தொன்பது.

அவர் கல் வைத்துக் கட்டியிருக்கவில்லை. ஆறு சனிக்கிழமையும் உட்கார்ந்து, அன்போடு, உதாரணத்தோடு, ஒவ்வொரு கல்லாக உருவியிருக்கிறார்.

“சார், தண்ணி வேணுமா?” என்றார் கோமதிநாயகம். “ஏதும் தப்பாப் போச்சா?”

இயக்குநர் விஷயத்தைக் கேட்டதும் முதலில் கதவைப் பார்த்தார், பிறகு சன்னலைப் பார்த்தார்.

“எட்வின், இது வெளிய தெரிஞ்சா நெருப்பு, சக்கரம், எல்லாத்துக்கும் அவமானம்.”

“ஊசிக்கும்” என்றார் எட்வின். “சார், அது கிடக்கட்டும். என்னைத் தவிர, வாதத்தக் கேட்ட எல்லாருக்குமே எண் ஏறிச்சே. அப்போ எல்லாருக்கும் இறங்கியிருக்கு. நம்புறவங்களுக்கு நம்பிக்கை குறைஞ்சிருக்கு. நம்பாதவங்களுக்கு இருந்த கொஞ்சமும் போயிருக்கு. கடவுள் இருக்காருன்னு நிரூபிக்கிற வாதம் எதுவும் ஒருத்தரைக்கூட அந்தப் பக்கம் தள்ளல.”

சேஷாத்ரிநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனிதர் விழும்போதும் மேடையைப் பார்த்தே விழுபவர். “அப்படிப் பாத்தா இது இன்னும் பெரிய கண்டுபிடிப்பு இல்லையா? திருத்தம்னு போடக்கூடாது. இரண்டாம் கண்டுபிடிப்புன்னு போடணும். சேஷாத்ரிநாதன் நேர்விதி. தேநீரோட சுண்டலும் சேத்துக்கலாம்.”

“எம் பொண்டாட்டி சார்...”

“பேரை மாத்திப் போட்டுக்கலாம், கவலைப்படாதீங்க.”

வீட்டுக்குப் போகும் வழியில் தேநீர்க்கடையில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். எட்வின் சொல்லாமல் கடக்க முடியவில்லை. கேட்டு முடித்த ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுகிறாரோ என்று எட்வின் பயந்தார்.

“சுழியம்னு சொல்லுங்கய்யான்னு அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன்” என்றார் ஏகாம்பரம். “தமிழ்ல எழுதியிருந்தா இந்தக் கேடு வந்திருக்குமா வே?” பிறகு, எட்வினின் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “ஆமா, எனக்கு ஒம்பதுன்னா, அந்த ஒம்பது எதுக்கு?”

“எங்க வாதத்தக் கேட்டப்புறம் ஆறாக் குறைஞ்சிட்டு அண்ணாச்சி.”

“பாத்தீரா! உம்ம பேச்சக் கேட்டாத்தான் வே எனக்கே உறுதியாகுது. வாரம் ஒருக்க வாரும்.”

வீட்டில் பியூலா அடுக்களைத் தொட்டியருகே நின்று நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எட்வின் நிலைப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பெட்டி, பூஜ்யஸ்ரீ, கணக்கு வாத்தியார், தொண்ணூற்று மூன்று. கடைசியாக அறுபத்தொன்பது.

அவள் கை நிற்கவில்லை. தலை, குடல், தட்டு. தலை, குடல், தட்டு.

“அப்போ நான் எங்கிட்டயே பேசிக்கிட்டு இருக்கலை.”

“இல்ல.”

“நீங்க சொன்னியளே.”

“தப்பாச் சொல்லிட்டேன், பியூலா. மன்னிச்சிரு.”

“மெசின் தப்பாச் சொல்லுச்சு. நீங்க ஏன் சொன்னிய? இருபத்தேழு வருசமா இந்த அடுக்களைலதான நிக்கேன், நீங்க அந்த நாற்காலிலதான இருக்கிய. காதுல விழலியா?”

எட்வின் அந்த நாற்காலியைப் பார்த்தார். அவள் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள்.

“நீங்க வீட்டுக்குள்ள இருக்கியளா இல்லியான்னு நான் ஒரு நாளும் ரோசிச்சது கெடையாது. ஏங்கன்னு கூப்புடுவேன், ம்ம்முன்னு சத்தம் வரும், இல்லன்னா வராது, தூங்குதாருன்னு நெனச்சுக்குவேன். ஒருத்தரு வந்து, உம் புருசன் வீட்ல இருக்காருங்கதுக்கு ஆறு காரணம் சொல்லுதேன்னு உக்காந்தா எப்படி இருக்கும்? ஆறாவது காரணம் முடியும்போது நான் எந்திரிச்சு எட்டிப் பாப்பேனா மாட்டேனா? அவ்வளவுதாம் நடந்தது. ஒருக்கா எட்டிப் பாத்தாச்சு. இனிமே எட்டிப் பாக்காம இருக்க முடியாதுல்லா.”

“திரும்ப ஏத்த முடியும், பியூலா. மறுப்பு வாதம் ஆறு இருக்கு. தலைகீழாப் பாத்தா, ஒருவேள அதக் கேட்டா...”

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் நிறுத்திக்கொண்டார்.

“ஒண்ணு கேக்கேன். ஆறு வாரம் வாசிச்சியளே, அதுல ஒண்ணயாவது நீங்க நம்புனியளா?”

எட்வின் வாயைத் திறந்தார். பாடத்திட்டத்தில் இல்லை என்ற பதில் தொண்டைவரை வந்து, வெட்கப்பட்டுத் திரும்பிப் போயிற்று. “தெரியல” என்றார். இருபத்தேழு ஆண்டுகளில் அவர் சொன்ன மிக நேர்மையான சொற்பொழிவு அதுதான்.

“சரி. போய்க் கைகால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்.”

அவர் முற்றத்துக்குப் போனார். சொம்பில் தண்ணீர் மொண்டபோது, உள்ளே அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. சட்டியில் எண்ணெய் காய்ந்தது. பிறகு, பல வாரங்களுக்குப் பின், பேச்சுக்குரல் கேட்டது. எட்வின் மொண்ட தண்ணீரை ஊற்றாமல் அப்படியே நின்றார்.

“நீர் இருக்கீரோ இல்லியோ, கேட்டுக்கிடும். அந்தச் சுடலைமுத்துக்கு இன்னைக்குக் கட்டுப் பிரிக்காங்க. பயப்படுவான்.”

நெத்திலி சட்டியில் விழுந்து பொரிந்தது.

“இந்த மனுசனையும் பாத்துக்கிடும்.”

இருக்கீரோ இல்லியோ. முன்பு அந்த வார்த்தைகள் இருந்ததில்லை. எட்வின் உருவிய இருபத்து நாலு புள்ளியும் அந்த இரண்டு சொல்லில் அடங்கியிருந்தன. ஆனால் அவற்றைத் தாண்டியும் அவள் பேசினாள். அதை அளக்கும் கோடு எந்தக் கொப்பரையிலும் இல்லை என்று எட்வினுக்குத் தோன்றியது. தோன்றியதும், இதை ஒரு கட்டுரையாக எழுதலாமே என்றும் தோன்றியது. சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

இரண்டாம் கண்டுபிடிப்பு அடுத்த மாதம் சுண்டலோடு வெளியானது. குருக்கள், உபதேசியார், மோதினார் மூவரும் தங்களுக்கு அது முன்பே தெரியும் என்றார்கள். பொறியாளர் தம் ஜாதகத்தை மறுபடி கிழிக்க முடியாததற்கு வருந்தினார். எரிதழல் ஏகாம்பரத்துக்கு மன்றம் மாலை போட்டது. மாலை போடுவதே மூடப்பழக்கம் என்று அவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். கோமதிநாயகத்துக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போயிற்று. ‘பூஜ்யஸ்ரீக்குப் பூஜ்யம் போட்டதைத் தவிர யான் வேறொன்றும் அறியேன்’ என்று ஒரே வரியில் பதில் எழுதினார். அந்தக் கோப்பு இன்னும் முடிக்கப்படவில்லை.

அளக்கப்பட்ட அனைவரின் திருத்திய எண்களும் மையத்தின் வாசலில் ஒட்டப்பட்டன. தேர்வு முடிவு பார்ப்பதுபோல் கூட்டம் முண்டியடித்தது. எட்வின் சற்குணம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலால் வரிசையைத் தடவித் தம் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார்.

பழைய எண் 50. திருத்திய எண் 50.